முட்டுக் கொடுக்கிற வேலை: சேலத்தில் இருந்துகொண்டு ரக்பி ப்ராப் ஆவது எப்படி?

எங்கள் தோட்டத்தில் வாழை குலை தள்ளியதும் சவுக்குக் கம்பு வைத்து முட்டுக் கொடுப்போம். வருகிறவர்கள் எல்லாம் குலையைத்தான் பார்ப்பார்கள். கம்பு ஞாபகத்துக்கு வருவது காற்றடித்து அது நழுவிய அன்றைக்குத்தான். பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் ப்ராப் என்கிற ஆட்டக்காரர் அந்தச் சவுக்குக் கம்பு. பெயருக்கே அதுதான் அர்த்தம். (இணையத்தில் ஆளாளுக்கு ஒரு தலைவருக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அது வேறு, அதற்குக் கழுத்து பலம் தேவையில்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த முட்டைப் பந்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு மாதத்துக்கு ஒரு பையனாவது வந்து கேட்கிறான், "அண்ணா, நூத்திப்பத்துக் கிலோ இருக்கேன், பவர்லிஃப்டிங் பண்றேன், இதுல சேந்து வெளிநாட்டுல போயி சம்பாதிக்க முடியுமாண்ணா?" ஒவ்வொருவருக்கும் டீக்கடை வாசலில் நின்று ஒரு மணி நேரம் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கிளப் ஆட்டங்களில் ஒன்பது வருஷம் மூன்றாம் எண் சட்டை போட்டவன், அதற்கு அடையாளமாக ஒரு காது பணியாரம் மாதிரி வீங்கியே நின்றுவிட்டது, அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் ஒரு நல்ல செய்தி. கபடியில் சீனியர் ஆண்களுக்கு எடை வரம்பு 85 கிலோ, அதைத் தாண்டினால் எவ்வளவு திறமை இருந்தாலும் கோட்டுக்கு வெளியேதான். அப்படி வெளியே நிறுத்தப்பட்ட கனத்த பையன்களுக்கு என்றே ஒரு விளையாட்டில் ஒதுக்கி வைத்த இடம் இது. இப்போது பெரிய அணிகளில் ஆடுகிற ப்ராப்புகள் பெரும்பாலும் 115லிருந்து 130 கிலோ வரை இருப்பார்கள். பிரான்ஸுக்கு ஆடிய உய்னி அட்டோனியோ 140ஐயும் தாண்டியவர். உயரம் பற்றிக் கவலை வேண்டாம், தென்னாப்பிரிக்காவின் ஆக்ஸ் ந்சே ஐந்தடி எட்டு அங்குலம்தான், உலகின் தலைசிறந்த ப்ராப்புகளில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

எந்தப் பக்கம்?

இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுவதுதான் ஸ்க்ரம். பதினைந்து பேரில் எட்டுப் பேர் அதற்குக் குனிவார்கள், முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் 2ஆம் எண் ஹூக்கர், அவருக்கு இடது பக்கம் 1, வலது பக்கம் 3, இந்த இரண்டு பேர்தான் ப்ராப். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலை மாதிரி தெரியும். 1ஆம் எண்காரர் லூஸ்ஹெட், அவருடைய இடது தோள் வெளியே சும்மா இருக்கும், பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி. 3ஆம் எண்காரர் டைட்ஹெட், அவர் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவே போய்விடும், இரண்டு தோளிலும் பாரம் இறங்கும். மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவரை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இருபுறமும் கல்யாண சமையல்காரர்கள் உட்கார்ந்திருந்தால் எப்படியோ அப்படி.

அதனால்தான் நல்ல டைட்ஹெட் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் கிளப்புகள் நல்ல விலை கொடுக்கும். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. இங்கிலாந்தின் ஜேசன் லெனர்ட் அப்படிப்பட்டவர், 114 முறை நாட்டுக்காக ஆடியவர், தொழிலால் தச்சர். ரக்பி யூனியனில் சம்பளம் கொடுக்கலாம் என்று அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டதே 1995 ஆகஸ்டில்தான், அதுவரை இவரைப் போன்றவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு ஆட வந்தவர்கள்.

வேலைவாய்ப்புக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெரிய ஆட்டங்களுக்கு ஓர் அணியில் 23 பேர், அதில் நாலு பேர் ப்ராப், இரண்டு பேர் களத்தில், இரண்டு பேர் பெஞ்சில். பயிற்சி இல்லாத ஆளை முன்வரிசையில் நிறுத்தினால் கழுத்து போய்விடும் என்பதால் ஆள் பற்றாக்குறை வந்தால் நடுவர் ஸ்க்ரம்மில் தள்ளவே கூடாது என்று சொல்லிவிடுவார். ஆகவே எந்த அணியும் ப்ராப்பைக் குறைத்து வைத்துக்கொள்ள முடியாது. ஒருவர் எண்பது நிமிஷமும் ஆடுவது அபூர்வம், ஐம்பது அறுபது நிமிஷத்தில் மாற்றிவிடுவார்கள். பெஞ்சிலிருந்து இறங்கி இருபது நிமிஷம் எதிரணியைப் பிழிந்துவிட்டு வருவதே ஒரு முழுத் தொழில். 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா தன் பெஞ்சுக்கு 'பாம் ஸ்க்வாட்' என்று பெயரே வைத்திருந்தது. அந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்ளர் மூன்றாவது நிமிஷத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேற, மாற்று ஆளான டான் கோல் மீதி ஆட்டத்தைத் தனியாகச் சுமந்தார், எதிரே புதிதாக ஆள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முடிவு 32க்கு 12. அந்த ஒரு ஆட்டத்தை ஸ்க்ரம்மை மட்டும் பார்ப்பதற்காக மறுபடி போட்டுப் பாருங்கள், பந்து வெளியே போனதும் நிறுத்திவிட்டு அடுத்த ஸ்க்ரம்முக்குத் தாவுங்கள்.

சோறும் முட்டையும்

உடல் எடை கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை புரதம் என்று வைத்துக்கொண்டால், 110 கிலோ ஆளுக்கு நாளைக்கு 165க்கு மேல் வேண்டும். நமக்கு நாமக்கல் பக்கத்தில் இருப்பது கடவுள் கொடுத்தது. எட்டு முட்டை, கால் கிலோ கோழி, நூறு கிராம் நிலக்கடலை, அரை லிட்டர் பால், இதிலேயே 150 கிட்ட வந்துவிடும், மீதி பருப்பிலும் கொள்ளிலும் வரும். டப்பா பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஜிம்மில் யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். ராகிக் களி நல்லது. தட்டுவடை செட் நல்லதில்லை, ஆனால் அதை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வருஷத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், வயிறு மட்டும் முன்னால் வந்து முதுகு அப்படியே இருந்தால் ஸ்க்ரம்மில் அந்த வயிறு உங்களுக்கு எதிராகத்தான் ஆடும்.

என் அம்மா, முட்டை வேக வைக்கும்போதெல்லாம் கேட்பார், "மாடு மாதிரி முட்டிக்கிறதுக்கா கண்ணு இவ்வளவு முட்டை?" பதில் சொல்லிப் பயனில்லை.

கழுத்து, முதுகு, அப்புறம் குட்டியானை

பெஞ்ச் பிரஸ்ஸில் எவ்வளவு தூக்குகிறாய் என்று எவனும் ப்ராப்பிடம் கேட்க மாட்டான். கழுத்து, மேல்முதுகு, இடுப்பு, தொடை, இந்த வரிசை. கழுத்துக்கு ஆரம்பத்தில் கையே போதும். நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாதபடி பத்து நொடி எதிர்த்து அழுத்துங்கள், அப்புறம் பின்தலை, அப்புறம் இரண்டு பக்கமும், ஒவ்வொன்றும் ஐந்து முறை, வாரத்துக்கு மூன்று நாள். மல்யுத்தக்காரர்கள் தலையை ஊன்றி வில்லாக வளைவதைப் பார்த்துவிட்டு முதல் மாதமே அதைச் செய்து பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படிச் செய்து மூன்று வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆந்தை மாதிரி உடம்போடு சேர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தான்.

பஸ்கி, தண்டால், டெட்லிஃப்ட் மூன்றும் கட்டாயம். நாற்பது லிட்டர் பால் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு முப்பது மீட்டர் நடப்பது, பிடிக்கும் தோளுக்கும் அதைவிட நல்லது கிடையாது. ஸ்க்ரம் மெஷின் வாங்கக் காசு இல்லை, நாங்கள் குட்டியானையை வைத்துச் சமாளிக்கிறோம். சங்ககிரியில் லாரி டயர் பழசு கேட்டால் கிடைக்கும், இரண்டு டயரைக் கயிறு போட்டு வண்டியின் பின்கதவில் கட்டி, சமதரையில் நியூட்ரலில் விட்டு, உள்ளே ஒருவர் பிரேக்கில் காலை வைத்து உட்கார, இரண்டு தோளையும் டயரில் கொடுத்துத் தள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் பிரேக்கை லேசாக மிதித்தால் பாரம் ஏறும். சரிவில் இதைச் செய்யாதீர்கள், எதிர்ப்புறமாக உருண்டு வந்தால் ப்ராப் கட்லெட் ஆகிவிடுவார்.

ஏற்காடு மலைப்பாதையில் ஓடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஓடி ஏறுவேன் என்று கிளம்பினால் மாரத்தான்காரன் ஆவீர்கள், எடையும் இறங்கும், வளைவில் பஸ் வேறு வரும். ப்ராப்புக்கு வேண்டியது பத்து நொடி முழுப் பலம், கொஞ்சம் மூச்சு, மறுபடி பத்து நொடி. அடிவாரத்தில் வண்டி வராத மண்சரிவு ஒன்றைப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு நொடி ஏறி ஓடி, நடந்து இறங்கி, எட்டு முறை. அதற்கு மேல் ஏற்காடு போவது பஜ்ஜி சாப்பிடத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

என் முதல் நிஜ ஸ்க்ரம் சென்னையில் ஒரு காலை ஆட்டம், புல்லில் பனி காயவில்லை. அப்போது நான் 112 கிலோ, எதிரே வந்தவர் நாற்பதைத் தொட்ட ஒல்லியான மனிதர், தொண்ணூற்றைந்துகூட இருக்க மாட்டார், காதோரம் நரை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நடுவர் "க்ரவுச்" என்றார், குனிந்தோம். அவர் காதும் என் காதும் உரசும் தூரம், தைல வாசனை, இரண்டு நாள் தாடி என் கழுத்தில் உப்புத்தாள் மாதிரி. "பைண்ட்" என்றதும் அவர் இடது கை என் பக்கவாட்டில் வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. "செட்." அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது என் குதிகால் தூக்குகிறது, மார்பெலும்பில் ஒரு தலை கடப்பாரை மாதிரி இறங்குகிறது, என் தாடை என் நெஞ்சில் மடங்குகிறது, அடுத்த நொடி வாயில் புல். அன்றைக்கு அவர் என்னை ஆறு முறை அப்படி மடித்தார், ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "தம்பி, தோளால தள்றீங்க. கால்ல இருந்து தள்ளுங்க" என்று சொல்லி, தரையில் குனிந்து காட்டினார். பாதம் தோள் அகலத்துக்கு, ஷூவின் குமிழ்கள் எல்லாம் மண்ணில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் பின்னால், மடக்கு கிட்டத்தட்ட நூற்றிருபது டிகிரி. முதுகில் ஒரு தட்டு வைத்தால் சாம்பார் சிந்தக்கூடாது. தோள் ஒருபோதும் இடுப்பைவிடக் கீழே போகக்கூடாது, இது விதி, உயிர்காக்கிற விதியும்கூட. கண் மேலே பார்க்க வேண்டும், கண் தாழ்ந்தால் தாடை தாழும், தாடை தாழ்ந்தால் கழுத்து மடங்கும். நகரும்போது நீளமாக அடி எடுத்து வைக்கக்கூடாது, நாலு விரல் அகலத்துக்கு நகர்த்தினால் போதும். நான் செய்தது அத்தனையும் நேர்மாறு.

பிடிக்கும் கை முக்கியம். லூஸ்ஹெட்டின் இடது கை எதிராளியின் வலது கைக்கு உள்ளே போய் முதுகையோ பக்கவாட்டையோ பிடிக்க வேண்டும். டைட்ஹெட்டின் வலது கை வெளிப்புறமாகச் சுற்றி வரும். கை, முழங்கை, காலர் இதையெல்லாம் பிடித்தாலோ கீழே இழுத்தாலோ பெனால்டி. முன்பெல்லாம் தூரத்தில் நின்று மோதிச் சேர்வார்கள், 2013இல்தான் இந்த முன்கூட்டிப் பிடிக்கும் முறை வந்து மோதல் குறைந்தது. 19 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே அனுமதி கிடையாது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மைதானத்தில் எட்டுக்கு எட்டு முட்டிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. இந்த ஆட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்டு ரக்பியின் 'ரக்பி ரெடி' பாடத்தை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், முதலில் அதை முடியுங்கள். அப்புறம் ஒருவருக்கு ஒருவர், நாலு காலில் மண்டியிட்டு, மெதுவாக. மூன்றுக்கு மூன்று வருவதற்கே எங்கள் பையன்களுக்கு நாலு மாதம் ஆகிறது, அதுவும் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்தால்தான்.

ஸ்க்ரம் தவிர மற்றதும் இருக்கிறது. பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிகிற லைன்அவுட்டில், அதைப் பிடிக்க நூறு கிலோவுக்கு மேல் உள்ள ஆளை இரண்டு ப்ராப்புகள் ஆகாசத்தில் தூக்க வேண்டும், முன்னால் நிற்பவர் முழங்காலுக்கு மேலே தொடையில், பின்னால் நிற்பவர் அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே பிடிப்பார். தூக்குவது சுலபம். பத்திரமாக இறக்குகிறவர்தான் நல்ல ப்ராப். டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது), ரக் (தரையில் உள்ள பந்துக்கு மேல் நின்று முட்டுவது), மால் (பந்தோடு நிற்பவரைச் சூழ்ந்து தள்ளுவது) எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளதுதான், ஸ்க்ரம்மிலிருந்து எழுந்த மூச்சோடு செய்ய வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

வழி எது, வயது எது

இருபது வயசாச்சு, லேட்டாண்ணா என்று கேட்பவர்களுக்கு: ஓரத்தில் பறக்கிற விங்கர் ஆவதற்கு லேட், ப்ராப் ஆவதற்கு இல்லை. இது மெதுவாகப் பழுக்கிற வேலை, இருபத்தெட்டுக்கு மேல்தான் பலருக்குச் சூட்சுமமே பிடிபடும். அயர்லாந்தின் ஜான் ஹேய்ஸ் பதின்பருவக் கடைசியில்தான் ரக்பியைத் தொட்டார், அந்த நாட்டுக்காக நூறு ஆட்டம் ஆடிய முதல் ஆள் ஆனார். அதே நாட்டின் கியன் ஹீலி 37 வயது வரை ஆடினார். ஜிம்பாப்வேயில் பிறந்து 'பீஸ்ட்' என்று பெயரெடுத்த டெண்டாய் ம்டாவாரிரா ஸ்க்ரம்மின் கடைசியில் நிற்கும் 8ஆம் எண் ஆட்டக்காரராக இருந்து ப்ராப்பாக மாற்றப்பட்டவர், தென்னாப்பிரிக்காவுக்கு 117 ஆட்டம், அந்த 2019 கோப்பையும் அவர் கையில்.

ஆனால் கசப்பையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் பதினைந்து பேர் ஆட்டத்தில் சம்பளம் வாங்கிப் பிழைக்க வழி கிடையாது. 2025இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்றதும் நம் பையன்களுக்கு ஒரே குஷி, எனக்கும்தான். ஆனால் அது ஏழு பேர் ஆட்டம், அதில் ஸ்க்ரம்முக்கு மூன்றே பேர், ஓடத் தெரியாத 115 கிலோ ஆளுக்கு அங்கே வேலை இல்லை. ஒலிம்பிக்கிலும் ஏழு பேர் ஆட்டம்தான். நூறு கிலோவுக்குக் கீழே இருந்து நன்றாக ஓடுவீர்கள் என்றால் அந்தப் பக்கம் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

பதினைந்தில்தான் ஆடுவேன் என்றால் பாதை இப்படி. முதல் இரண்டு வருஷம் சென்னை அல்லது பெங்களூர் கிளப். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ஸில் ராத்திரி சேலத்தில் ஏறினால் விடியுமுன் சென்னை (பெயரை நம்பி ஏறிவிட்டு ஏற்காடு எப்போ வரும் என்று கேட்டவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்). மாநில அணித் தேர்வு, தேசியப் போட்டி, அங்கே ராணுவ அணிகளோடும் கொல்கத்தா கிளப்புகளோடும் மோதும்போதுதான் உங்கள் எடை எவ்வளவு, பலம் எவ்வளவு என்று தெரியும். ராணுவத்தில் சேர எண்ணம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி, வேலையும் ஆட்டமும் ஒன்றாகக் கிடைக்கும்.

அடுத்தது இலங்கை, இதை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. அங்கே பள்ளிக்கூட ரக்பிக்கே ஊர் திரளும், கொழும்பு ராயலும் கண்டி ட்ரினிட்டியும் 1945லிருந்து பிராட்பி கேடயத்துக்கு மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சீசன் அங்கே கிளப்பில் ஆட இடம் கிடைத்தால் இங்கே மூன்று வருஷத்தில் கற்பதைக் கற்கலாம். பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் எல்லாம் அதற்கப்புறம், அங்கேயும் நேராக மேல்மட்ட லீக்கில் ஏற முடியாது, கீழ்ப்பிரிவில் உள்ளூர்க் கிளப் ஒன்றில் பகுதிநேர வேலையோடு ஆடித்தான் ஆரம்பிக்க வேண்டும். விசா, வெளிநாட்டு ஆட்டக்காரர் வரம்பு, இந்த இரண்டும் எதிர் ப்ராப்பைவிடக் கனமானவை. அனுப்பும் வீடியோவில் நீங்கள் ஓடி ட்ரை போட்டதை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிப் புள்ளி எடுத்ததை) வைக்காதீர்கள், பத்து ஸ்க்ரம்மை வெட்டாமல் முழுசாக, இரண்டு பக்கமிருந்தும் எடுத்து வையுங்கள். தோற்ற ஸ்க்ரம் இரண்டையும் சேர்த்து.

நம் ஊர் ஆளுக்கு இந்த ஆட்டம் அந்நியம் என்று யாராவது சொன்னால் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879லிருந்து மோதுகிற கல்கத்தா கோப்பை, கலைந்துபோன ஒரு கல்கத்தா கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது, கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. வெள்ளியை எப்போதோ அனுப்பிவிட்டோம், ஆளைத்தான் இன்னும் அனுப்பவில்லை.

உடம்பு கொடுக்கிற விலை

காது வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தத்தை எடுத்துவிட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். நான் போன இடத்தில் எறும்பு கடித்திருக்கும் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள், அதன் விளைவைத்தான் முதலில் சொன்னேன். தோள், முழங்கால், ஆடுசதை இவை வந்து போகும். கையில் மின்சாரம் பாய்வது மாதிரி சுரீர் என்றால் அது கழுத்திலிருந்து வருகிற சேதி, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எழுந்து வீரம் காட்டக்கூடாது.

தலை விஷயம் இன்னும் மோசம். நியூசிலாந்தின் கார்ல் ஹேமன், நாட்டுக்காக 45 ஆட்டம் ஆடிய டைட்ஹெட், பிரான்ஸில் பெரும் சம்பளம் வாங்கியவர், 41 வயதில் அவருக்கு டிமென்ஷியா என்று கண்டறிந்தார்கள். இதைச் சொல்லாமல் உங்களை இழுத்துவிட்டால் உங்கள் அம்மா முகத்தில் நான் முழிக்க முடியாது. தலையில் அடிபட்டு ஒரு நொடி மங்கினாலும் அன்று திரும்பக் களத்துக்குப் போகாதீர்கள், போகச் சொல்லும் கோச் இருந்தால் கோச்சை மாற்றுங்கள். கூடவே ஐ.டி.ஐ.யோ டிகிரியோ எதையாவது முடித்து வையுங்கள். லெனர்ட் கையில் உளி இருந்தது.

சரி, இவ்வளவும் படித்த பிறகும் வருவதாக இருந்தால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு வாருங்கள், ஏழு மணிக்குக் குட்டியானை சூரமங்கலம் உழவர் சந்தைக்குத் தக்காளி ஏற்றப் போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். கழுத்துச் செயின், வெள்ளிக் காப்பு, மோதிரம் எல்லாம் வீட்டிலேயே. பழைய டீஷர்ட் இரண்டு கொண்டு வாருங்கள், ஒன்று கிழியும்.